ஐந்தாம் வகுப்பில் எஞ்சியிருக்கும் காலம்

ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என 2019-இல் தமிழக அரசு பிறப்பித்த ஆணை, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. நல்ல முடிவுதான், எனினும், வாசிப்புக் குறை தேர்வோடு நீங்கிவிடவில்லை.

'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2023-24-இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி, அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பாடம் நடத்தப்படுகிறது. பத்து வயதிலும் அரும்பு நிலையில் நிற்கும் குழந்தைக்குக் கதை சொல்லலும் பொம்மலாட்டமும் சொல் விளையாட்டும் எழுத்தைப் பற்றிக்கொள்ளக் கிடைக்கும் கடைசிக் கைப்பிடிகள். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கொரு ஆசிரியர் வருவார். அறிவியல் நூலைத் தானே வாசிக்கும் மாணவரையே அவர் எதிர்பார்ப்பார்.

ஆண்டு விழா ஒத்திகை வாசிப்பு நேரத்தை விழுங்குவது பல பள்ளிகளில் வழக்கம். நாடக வசனத்தை மனப்பாடம் செய்விக்காமல், பிள்ளைகளையே எழுதி வாசிக்கச் செய்தால், அந்த ஒத்திகையும் மொழிப்பாடமாகிவிடும்.