பிள்ளை பள்ளிக்கு வரலையா? செல்போனில் வரும் தகவல்: நம்பரை சரிபாருங்க!

"உள்ளேன் அய்யா" குரல் கேட்டு ஆசிரியர் பதிவேட்டில் குறித்த காலம் மாறிப்போச்சு. தமிழக அரசு பள்ளிகளில் 'டி.என்.எஸ்.இ.டி. ஸ்கூல்ஸ்' என்ற செல்போன் செயலியில் வருகை பதிவாகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் தனி 'எமிஸ்' எண் உண்டு. வராதவர்களை ஆசிரியர் குறித்து அனுப்பினால், விவரம் கல்வித்துறை கம்ப்யூட்டருக்கு போய்விடும். தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளைகளை தேடிப்பிடிக்க இந்த கணக்குதான் கைகொடுக்கிறது.

இதுபோன்ற மென்பொருள் உள்ள பல தனியார் பள்ளிகளில், பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். வரும். வீட்டில் இருந்து கிளம்பிய பிள்ளை வகுப்புக்கு போய் சேரலைன்னா, இதுதான் முதல் எச்சரிக்கை. சிம் கார்டை மாத்திட்டு பள்ளியில் சொல்லாவிட்டால், தகவல் உங்களுக்கு வந்து சேராது. எனவே நம்பர் மாறினால் உடனே வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிடுங்க.