"வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள்: மூச்சிரைப்புக்கு வால்வு சிகிச்சை

"மாடி ஏறினாலே இரைக்குது, வயசாயிடுச்சுல்ல" என்று ஊரிலிருந்து அப்பா போனில் சொன்னால், நம்மில் பலர் "ரெஸ்ட் எடுங்கப்பா" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பல வருஷம் பீடி, சிகரெட் பிடித்தவருக்கு, ஏன், விறகடுப்புப் புகையிலேயே சமைத்த அம்மாவுக்கும்கூட, அது வெறும் வயசுக் கோளாறாக இருக்காது. எம்ஃபிசீமாவாக இருக்கலாம்.

இந்த நோயில் நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுப்பைகள் சிதைந்துவிடும். உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராமல் தேங்கி, நுரையீரல் ஊதிப்போய், நல்ல பகுதியையும் உதரவிதானத்தையும் அமுக்கும். புதுக் காற்றுக்கு இடமே இருக்காது. சிதைந்த பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் தளர்ந்த உடம்புக்கு அது பெரிய ஆபத்து.

இன்ஹேலருக்கும் கத்திக்கும் நடுவே இப்போது ஒரு வழி இருக்கிறது. பிராங்கோஸ்கோப் குழாயை வாய் வழியாக நுரையீரலுக்குள் செலுத்தி, மோசமான மடலுக்குப் போகும் மூச்சுக்கிளைகளில் குட்டி வால்வுகளைப் பொருத்துகிறார்கள். காற்று வெளியேறும், உள்ளே திரும்பாது. அந்த மடல் சுருங்க, மற்ற பகுதி விரிகிறது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018-ல் ஜெஃபிர் வால்வுக்கு அனுமதி தந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017 டிசம்பரிலேயே இந்த முறைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

அதற்காக எல்லாருக்கும் இது பொருந்தாது. பக்கத்து மடலிலிருந்து காற்று கசிந்து வந்தால் வால்வு போட்டும் பலனில்லை. புகையை அறவே விட்டிருக்க வேண்டும். லிபரேட் என்ற ஆய்வில், வால்வு வைத்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தது. அதனால்தான் முதல் சில நாள் மருத்துவமனையிலேயே வைத்துக் கவனிக்கிறார்கள். இது நோயைக் குணப்படுத்தாது. நடக்க, குளிக்க, பேச கொஞ்சம் மூச்சைத் திருப்பித் தரலாம், அவ்வளவுதான்.

ஆனால், நாலு அடி நடக்கவே திணறுபவருக்கு அந்தக் "கொஞ்சம்" பெரிசு. அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது மூன்றே விஷயம் கேளுங்கள்: ஸ்பைரோமெட்ரி எடுத்தாச்சா? இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாரா, மூச்சுப் பயிற்சி செய்கிறாரா? அதற்குப் பிறகும் இரைத்தால், சி.டி. ஸ்கேனைப் பார்த்து வால்வு பொருந்துமா என்று நுரையீரல் மருத்துவர் சொன்னாரா? "இல்லை" என்று பதில் வரலாம். அதை மருத்துவர் சொல்லட்டும். வயசைக் காட்டி நாமே சொல்லிவிட வேண்டாம்.