ஸ்பேர் டயர் பீய்ச்சும் தண்ணீர்

நிபோங் திபாலைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டச் சாலைகளில் அந்தி நேரத்தில் கார் ஓட்டினால், குலை ஏற்றிய லாரிகள் கிளப்பும் செம்மண் தூசியும் விளக்கொளிக்கு வந்து மோதும் பூச்சிகளும் முன்கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். தண்ணீர் தெளிக்காமல் வைப்பரைப் போட்டால், மணல் துகள்கள் கண்ணாடியைக் கீறிவிடும். பெயின்டுக்கும் குரோமுக்கும் காட்டும் அக்கறை, பழைய கார்களின் வாஷருக்கும் வேண்டும்.

1960களின் கார்கள் பலவற்றில் வாஷருக்கு மின்மோட்டார் கிடையாது. மோரிஸ் மைனரில் டேஷ்போர்டுக் குமிழை விரலால் அழுத்தித்தான் தண்ணீரைத் தள்ள வேண்டும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் ஏற்பாடு இன்னும் சுவையானது. முன்பக்கப் பெட்டியிலுள்ள ஸ்பேர் டயரிலிருந்து ஒரு குழாய் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். டயரின் காற்று தண்ணீரை அழுத்திக்கொண்டே இருக்கும். டிரைவர் பொத்தானை அழுத்தியதும் அது பீய்ச்சியடிக்கும். அப்படியானால் டயர் காலியாகிவிடாதா? ஆகாது. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் ஒரு வால்வு மூடிக்கொள்ளும். பஞ்சரானால் மாட்டி ஓட்டும் அளவுக்குக் காற்று மிஞ்சும். அந்த டயரில் சுமார் 42 பிஎஸ்ஐ காற்றடித்து வைப்பது இதற்காகத்தான்.

தண்ணீர் வரவில்லை என்றதும் பம்பைக் குறைசொல்ல வேண்டியதில்லை. நாசிலுக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு வாஷரை இயக்கிப் பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தால் அடைப்பு நாசிலில்தான். படிந்த சுண்ணாம்பு வினிகரில் ஊறவைத்தால் கரையும். வராவிட்டால் குழாயையே பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மம் எஞ்சின் சூட்டில் மெல்ல வெளியேறிவிடுவதால், குழாய் விறைத்து, இணைப்புகளில் வெடித்துவிடும். அழுத்திய பிறகு தண்ணீர் வரத் தாமதமானால், ஒருவழி வால்வு பழுதாகித் தண்ணீர் தொட்டிக்கே திரும்பி வடிந்திருக்கலாம்.

மின்பம்பு பொருத்த நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சுழல்தகடுள்ள சிறிய பம்புகள் காற்றை உறிஞ்சித் தண்ணீரை மேலே இழுக்கத் திணறும். அவற்றைத் தொட்டியின் அடிமட்டத்தில் பொருத்துவதே சரி. இரண்டாவது, மின்னிணைப்பு. மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கப்படி வயரை மாட்டினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். தண்ணீர் சொட்டுச்சொட்டாகத்தான் வரும். பம்பு கெட்டுவிட்டதென்று அதைத் தூக்கிப் போடுமுன் இரு வயர்களையும் இடம் மாற்றிப் பார்க்கலாம்.

தொட்டியில் ஊற்றுவதும் முக்கியம். பனி உறையாத ஊர் என்பதால் இங்கே பலர் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். கடும் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தேங்கிய நீரில் பெருகக்கூடியது. மலேசிய வெயிலில் காரின் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான் இருக்கும். வாஷர் திரவம் கலக்காமல் வெறும் தண்ணீரைப் பயன்படுத்திய ஓட்டுநர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த ஆய்வு 2010இல் தெரிவித்தது. ஆகவே பழைய தொட்டியைக் கழற்றி, உள்ளே படிந்த வழுவழுப்பைத் தேய்த்துக் கழுவி, வாஷர் திரவம் கலந்த நீரால் நிரப்புவதும் பழுதுபார்ப்பில் சேர்த்திதான்.