எள்ளுப்பேத்தி பிரித்த பெட்டிகள்

1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்க அரசு அடிமைகளுக்கென்று தனி அட்டவணை வைத்திருந்தது. அதில் பண்ணையாரின் பெயர் இருக்கும். அவருக்குச் சொந்தமான மனிதர்களின் பெயர் அநேகமாக இருக்காது. வயது, ஆணா பெண்ணா, என்ன நிறம் என்பதோடு வரி முடிந்துவிடும். லூசியானா மாநிலம் டெல்டா கிராமத்தில், பர்னி குடும்பத்தின் பருத்திப் பண்ணையில் உழைத்த ஓவன், மினர்வா பிரீட்லவ் தம்பதி வாழ்ந்த காலம் அது. கறுப்பின மக்கள் பெருவாரியாகத் தங்கள் பெயரோடு கணக்கில் ஏறியது 1870இல்தான்.

அதற்குள் அந்தத் தம்பதிக்கு சாரா பிறந்துவிட்டாள். 1867 டிசம்பர் 23இல் பிறந்த அவள்தான் அந்தக் குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை. ஏழு வயதில் தாயும் தகப்பனும் இல்லை. பதினான்கில் கல்யாணம். இருபது வயதில் சிறு குழந்தையோடு விதவை. அதன் பிறகு செயின்ட் லூயி நகரில் ஊரார் துணியை வெளுத்துப் பிழைத்தாள். இந்தப் பெண்தான் பின்னாளில் மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் கறுப்பினப் பெண்களுக்கான கூந்தல் களிம்பு தயாரித்து, இண்டியானாபொலிஸில் தொழிற்சாலை நடத்தி, ஹட்சன் நதிக்கரையில் மாளிகை கட்டினார்.

தொழிலில் ஜெயித்தபிறகு அவர் வாழ்க்கை பத்திரிகைகளில் நிறையவே பதிவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளைத் தேடுவதுதான் பெரும்பாடு. துணி வெளுக்கும் கறுப்பினப் பெண்ணைப் பற்றி யார் எழுதி வைக்கப்போகிறார்கள்? அவர் செயின்ட் லூயியில் குடியேறிய காலத்தைக் காட்டியிருக்க வேண்டிய 1890ஆம் ஆண்டு கணக்கெடுப்பு ஏடுகளும் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் நாசமாயின. மிஞ்சியதைப் பிறகு அரசே அழித்துவிட்டது. ஆக, நகர முகவரிப் புத்தகங்களையும், நீதிமன்றக் கட்டுகளையும், தேவாலயக் குறிப்புகளையும் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியிருந்தது.

அந்த வேலையைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்தவர் அவருடைய எள்ளுப்பேத்தி அலீலியா பண்டில்ஸ். தொலைக்காட்சிச் செய்தித் தயாரிப்பாளராக இருந்தவர். 1970களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தபோது, ஃபில் கார்லண்ட் என்ற பேராசிரியர்தான் இவர் யார் வீட்டுப் பெண் என்பதைக் கண்டுகொண்டு, இதையே எழுது என்று தூண்டினார். புத்தகம் வெளிவந்தது 2001இல். இடைப்பட்ட காலம் முழுக்கத் தேடல்தான்.

அலீலியாவுக்கு இந்தக் கதை ஏட்டில் தொடங்கவில்லை. மேடம் வாக்கரின் பெயரெழுத்து பொறித்த வெள்ளிச் சாமான்கள் வீட்டிலேயே இருந்தன. அம்மாவோ, வாக்கர் நிறுவனத்தின் துணைத் தலைவர். வம்சாவளியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேடம் வாக்கருக்கு ஒரே மகள், லீலியா. பின்னாளில் பெயரை அலீலியா என்று மாற்றிக்கொண்டவர். அவருக்குப் பிள்ளையில்லை. 1912இல் ஃபேரி மே பிரையன்ட் என்ற சிறுமியைத் தத்தெடுத்தார். நீண்டு அடர்ந்த கூந்தல் கொண்ட அந்தப் பெண் வாக்கர் தயாரிப்புகளுக்கு மாடலாகவும் இருந்தாள். அவள் வழி வந்தவர்தான் பண்டில்ஸ். இரத்த உறவு இல்லை. ஆனால் பெட்டிகளும் கடிதங்களும் நினைவுகளும் கை மாறி வந்தது இந்த வழியில்தான். ஒரு குடும்பத்தின் கதையை யார் சுமக்கிறார்களோ அவர்களே அதன் வாரிசு என்று நான் நினைக்கிறேன்.

குடும்பத்துக்குள்ளிருந்து எழுதுகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. தோண்டினால் எல்லாமே பெருமைப்படும்படி வராது. தன் வாழ்க்கையை மேடையில் சொன்ன மேடம் வாக்கர், செயின்ட் லூயியில் கட்டிக்கொண்ட இரண்டாவது கணவர் ஜான் டேவிஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. கனவில் ஒரு கறுப்பின மனிதர் தோன்றி மருந்தின் சேர்மானத்தைச் சொன்னார் என்பது அவர் பரப்பிய கதை. ஆனால் சொந்தமாகத் தொழில் தொடங்குவதற்கு முன், ஆனி டர்ன்போ (பின்னாளில் ஆனி மலோன்) என்ற இன்னொரு கறுப்பினப் பெண் தொழிலதிபரின் 'போரோ' சரக்கை விற்கும் ஏஜென்டாக அவர் இருந்தார். கந்தகம் கலந்த களிம்புகளும் அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தவைதான். இவற்றை எழுதலாமா என்ற தயக்கத்தில் இருந்த மகளிடம், 1976இல் மரணப் படுக்கையில் கிடந்த தாய், உண்மையைச் சொல், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தாயை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

உண்மையைச் சொன்னதில் மேடம் வாக்கர் சிறுத்துப்போகவும் இல்லை. முதல் கணவர் வெறிக்கும்பலால் கொல்லப்பட்டார் என்று பலரும் எழுதினார்கள்; ஆதாரம் இல்லை. முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் இவர் என்பதும் தவறு. கோடீஸ்வரி என்ற பட்டமும் சந்தேகத்துக்குரியது. 1919இல் இறந்தபோது அவர் சொத்து ஏறத்தாழ ஆறு லட்சம் டாலர் என்பதே பலரும் ஏற்கும் மதிப்பு. தான் இன்னும் மில்லியனர் ஆகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1905இல் கையில் ஒன்றரை டாலரோடு டென்வர் போய் இறங்கியதாக அவர் சொன்னதை நினைத்துப் பார்த்தால், ஆறு லட்சமே மலைக்க வைக்கிறது.

அவர் குணத்தை எனக்குக் காட்டியவை வியாபாரக் கடிதங்கள்தான். நிறுவனத்தின் பழைய காகிதங்கள் இப்போது இண்டியானா வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. மேடம் ஊர் ஊராகச் சுற்றி விற்பனையைப் பெருக்கிக்கொண்டிருக்க, இண்டியானாபொலிஸில் கணக்கு வழக்குகளைக் கட்டிக் காத்தவர் வழக்கறிஞர் ஃபிரீமன் ரான்சம். இருவருக்கும் இடையே ஓயாத கடிதப் போக்குவரத்து. செலவைக் குறையுங்கள் என்று ரான்சம் எச்சரிப்பார்; மேடமோ அடுத்த வீட்டுக்கும் அடுத்த நன்கொடைக்கும் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார். தானம் அவருக்குக் கடைசிக் கால யோசனை அல்ல. 1911இலேயே கறுப்பினத்தவருக்கான ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்கு ஆயிரம் டாலர் கொடுத்துப் பத்திரிகைகளில் பேசப்பட்டவர். நிறுவனத்தின் வருங்கால நிகர லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு தர்மத்துக்கு என்று உயிலில் எழுதினார்.

1912இல் சிகாகோவில் நடந்த கறுப்பின வணிகர் சங்க மாநாட்டில் சங்கத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவருக்குப் பேச வாய்ப்புக் கொடுக்கவில்லை. அவராகவே எழுந்து நின்றார். பருத்திக் காட்டிலிருந்தும் சலவைத் தொட்டியிலிருந்தும் வந்தவள் நான், இன்று என் சொந்த நிலத்தில் என் சொந்தத் தொழிற்சாலையைக் கட்டியிருக்கிறேன் என்ற பொருள்படப் பேசினார். அடுத்த ஆண்டு அதே மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளர்.

அரசாங்கமும் அவருக்காக ஒரு கோப்பு வைத்திருந்தது. முதல் உலகப் போர் முடிந்த நேரத்தில், இன உரிமைக்காகப் பேசியவர்களோடு அவரையும் சேர்த்து இராணுவ உளவுத்துறை கண்காணித்தது. அமைதி மாநாட்டையொட்டி பாரிஸ் போக அவருக்கு பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. அவருக்கு எதிராக எழுதப்பட்ட அறிக்கைகளே இன்று அவர் அரசியலுக்குச் சாட்சி.

எல்லாவற்றையும்விட என்னை ஈர்ப்பது 1917இல் பிலடெல்பியாவில் கூடிய வாக்கர் ஏஜென்டுகளின் மாநாடு. இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள். வீட்டு வேலையையும் சலவையையும் விட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்று, சொந்தக் காலில் நின்றவர்கள். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு கொடுத்தார் மேடம். தங்கள் ஊரில் தர்ம காரியத்துக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் கொடுத்தார். அந்த ஆண்டு ஜூலையில்தான் கிழக்கு செயின்ட் லூயியில் கறுப்பின மக்கள் கொன்று குவிக்கப்பட்டிருந்தார்கள். கூந்தல் களிம்பு விற்கும் அந்தப் பெண்கள், கலைவதற்கு முன், கும்பல் கொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அதிபர் உட்ரோ வில்சனுக்குத் தந்தி அடித்தார்கள்.