மோட்டார் வண்டியின் முகப்பில் கைவைத்தல்

விருதுநகரினின்று திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குச் செல்லும் கார்களுள் ஒன்றனை நிறுத்தி அதன் முகப்புப் பலகையை நோக்குவோமாயின், ஆங்கே ஒரு சிறு கண்ணாடித் திரை ஒளிர்ந்துகொண்டிருக்கக் காணலாம். அத்திரையே வழி காட்டுகின்றது, பாட்டு இசைக்கின்றது, தொலைபேசியில் அழைப்பாரது குரலைக் கேட்பிக்கின்றது, வண்டியைப் பின்னே செலுத்துங்கால் பின்புறத்துக் காட்சியையும் காட்டுகின்றது. கம்பெனியார் பொருத்தி அனுப்பிய திரைகளும் உள. உடையவர் தாமே கடையில் வாங்கித் தம் கையாலே பொருத்திக்கொண்டவையும் உள. இவ்விரண்டாம் வகையைக் குறித்தே ஈண்டு எழுதத் தொடங்கினோம். பட்டாசுத் தொழில் பரவிய இவ்வட்டாரத்தார்க்குத் தீப்பொறியின் குணத்தைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும், தாம் நாடோறும் ஏறிச் செல்லும் வண்டியின் முகப்புப் பலகைக்குப் பின்னும் அப்பொறி உறைகின்றது என்பதை நினைப்பவர் சிலரே.

இக்கைவேலை புதிதன்று. 1930-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய பால் கால்வின் என்பார், தம் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டிற்கு அதனை ஓட்டிச் சென்று, வெளியே நிறுத்தி, வருவோர் போவோர்க்கெல்லாம் இசைத்துக் காட்டினார். மோட்டோரோலா என்னும் பெயர் அம்முயற்சியிற் பிறந்ததே. அக்காலத்து வால்வுகட்கு நூற்றுக்கு மேற்பட்ட வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். வண்டியின் பேட்டரியோ ஆறு வோல்ட். அன்றியும், இஞ்சினுக்குள் எழும் ஒவ்வொரு பொறியும் ரேடியோவில் ஓர் இரைச்சலாக வந்து விழுந்தது. இவ்விரு தடைகளையும் வென்ற பின்னரே காரில் பாட்டுக் கேட்டல் கைகூடிற்று. நம் நாட்டிலும் யந்திரத்தைப் பிரித்துப் பார்த்துக் கற்கும் மரபு வலியது. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) தம் யந்திரக் கல்வியைத் தொடங்கியது ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிக் கழற்றி மீண்டும் பூட்டியே என்பது யாவரும் அறிந்த செய்தி. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபின், கேஸட் பிளேயரைத் தனியே வாங்கிப் பொருத்துதல் நகரந்தோறும் ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

இனி வேலைக்கு வருவோம். பழைய ஸ்டீரியோவை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தல் எளிதாயிருத்தற்குக் காரணம், ஜெர்மானியர் வகுத்த ஓர் அளவு உலகெங்கும் ஏற்கப்பட்டமையே. முகப்பின் அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர் என்பது அவ்வளவு. திரையுள்ள சாதனங்கட்கு உயரம் இருமடங்காம்; கடைக்காரர் 'டபுள் டின்' என்பது இதனையே. பின்னுள்ள கம்பிகளின் நிறங்களும், கடையில் விற்கும் செட்டுகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஒரு வழக்கைப் பின்பற்றுவன. மஞ்சள், பேட்டரியினின்று எப்போதும் மின்சாரம் பெறுவது, சிவப்பு, சாவியைத் திருப்பியபோது மட்டும் பெறுவது, கறுப்பு, எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகிய நான்கு இணைகளும் நான்கு ஸ்பீக்கர்களுக்கு உரியன. வண்டியின் உள்ளே கிடக்கும் கம்பிகளோ இவ்வழக்குக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றின் நிறத்தை நம்பாது மல்டிமீட்டரையே நம்புக.

மஞ்சளும் சிவப்பும் ஏன் இரண்டாக வைக்கப்பட்டன? மஞ்சள் இன்றேல், கடிகாரமும் தேர்ந்து வைத்த நிலையங்களும் ஒவ்வொரு முறையும் மறந்துபோம். சிவப்பு இன்றேல், சாவியை எடுத்தபின்னும் செட்டு உறங்காது. பொறுமையில்லாதார் சிலர் இரண்டையும் ஒருங்கே முறுக்கி, எப்போதும் மின்சாரமுள்ள கம்பியில் இணைத்துவிடுவர். பாட்டு நன்றாகவே கேட்கும். தவறு அன்று தெரியாது. அத்தகைய செட்டு சாவி எடுத்தபின்னும் 0.2 ஆம்பியர் உறிஞ்சுமென்று கொள்வோம். சிறு காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி உடையது. முப்பத்தைந்தை 0.2-ஆல் வகுக்க 175 மணி, அஃதாவது ஏழு நாளில், பேட்டரி முற்றும் வற்றும். பாதி வற்றியபோதே இஞ்சினைச் சுழற்றும் வலி குன்றிவிடும் ஆதலின், வெள்ளியன்று ஊருக்குப் போய்த் திங்களன்று மீள்பவர் வண்டியைத் தள்ள ஆள் தேடவேண்டி வரலாம். உறங்கும் நிலையில் வண்டி முழுதும் 0.05 ஆம்பியருக்கு மிகாது இழுத்தல் நன்று.

பழைய கம்பியை வெட்டாதிருத்தலே இவ்வேலையின் முதல் ஒழுக்கம் என்பது எம் கருத்து. ஒவ்வொரு காருக்கும் ஏற்ற கப்ளர்கள், சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் சிறு விலைக்கே கிடைக்கின்றன. ஒரு முனை வண்டியின் கப்ளரிலும் மறுமுனை செட்டிலும் பொருந்தும். வேண்டாதபோது கழற்றினால் வண்டி பழையபடியே நிற்கும். வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இணைப்போ, நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி, நாளடைவில் தானே அவிழும். கோடையில் மூடி நிறுத்திய காரின் முகப்புப் பலகை எழுபது பாகைக்கு மேலும் சூடேறும் என்பதை மறவற்க.

எனினும் இவையெல்லாம் சிறு துன்பங்களே. பெருந்துன்பம் பின்னே டிக்கியில் உள்ளது. பாட்டு ஓங்கி ஒலிக்கவேண்டும் என்று விரும்புவார், ஆம்பிளிபயர் ஒன்றை டிக்கியில் வைத்து, முன்னே உள்ள பேட்டரியினின்று ஒரு தடித்த கம்பியைத் தரைவிரிப்பின் அடியில் இழுத்துச் செல்வர். நானூறு வாட் ஆம்பிளிபயர் பன்னிரண்டு வோல்ட்டில் ஏறத்தாழ 33 ஆம்பியர் கேட்கும் ஆதலின், கம்பி தடித்திருத்தல் வேண்டுவதே. ஆனால் அத்தடிப்பே கேட்டிற்கும் வித்தாகும். எட்டுச் சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி ஐந்து மீட்டர் நீளம் சென்றால் அதன் தடை 0.01 ஓம் அளவே. பேட்டரியின் உட்தடையும் அவ்வளவே என்று கொள்வோம். இருக்கையின் இரும்புச் சட்டம் அக்கம்பியின் உறையைத் தேய்த்துத் தேய்த்து ஒருநாள் செம்பைத் தொட்டுவிட்டால், பன்னிரண்டு வோல்ட்டை 0.02-ஆல் வகுக்க, 600 ஆம்பியர் பாயும். அப்போது கம்பியில் மட்டும் எழும் வெப்பம் ஏறத்தாழ 3,600 வாட். துணி தேய்க்கும் மின்சாரப் பெட்டி மூன்று நான்கினை ஒருங்கே சுடவைத்துத் தரைவிரிப்பின் கீழ்ச் செருகியதற்கு ஒப்பாகும். உறை உருகித் தீப்பற்ற நெடுநேரம் வேண்டா.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வெளியூரார் பலர் சொந்தக் காரிலேயே சிவகாசிக்கு வந்து, பட்டாசுப் பெட்டிகளை வாங்கி டிக்கியில் அடுக்கிச் செல்லுதல் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி. பின்னிருக்கையில் குழந்தைகள், அவர்தம் முதுகுக்குப் பின் ஆம்பிளிபயரும் பட்டாசும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த கொடிய வெடிவிபத்தை மறவாத இம்மாவட்டத்தில், இதன் பொருளை விரித்துரைத்தல் மிகை.

இக்கேட்டைத் தடுப்பது ஒரு சிறு ப்யூஸ். அதனை எங்கு வைத்தல் வேண்டும் என்பதிலேதான் பலரும் இடறுவர். ஆம்பிளிபயரைக் காக்கவே ப்யூஸ் என்று எண்ணி அதனருகே, டிக்கியில், வைத்துவிடுவர். ப்யூஸ் காக்கவேண்டியது கம்பியை. கம்பி நடுவில் தேய்ந்தால், பேட்டரிக்கும் தேய்ந்த இடத்துக்கும் இடையே ப்யூஸ் இல்லாவிடின், டிக்கியில் இருக்கும் ப்யூஸ் ஒன்றும் செய்யாது; அதன் வழியாக மின்சாரம் பாய்வதே இல்லை. ஆதலின் பேட்டரியின் நேர்முனையினின்று ஒரு முழத்திற்குள் ப்யூஸ் இருத்தல் வேண்டும். இஞ்சின் அறைத் தகட்டைக் கம்பி துளைத்துவரும் இடத்தில் ரப்பர் வளையம் இடுதலும் இன்றியமையாதது. ப்யூஸ் அடிக்கடி எரிகின்றதென்று அதனிடத்தில் சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைக்கும் வல்லுநரும் உளர். அவர் வண்டியில் நாம் ஏறாதிருத்தல் நலம்.

முகப்புப் பலகையைக் கழற்றுவார் அறியவேண்டிய மற்றொன்று, அதனுள்ளேயே ஒரு சிறு வெடி உண்டு என்பது. உவமையன்று, உண்மையே. ஏர்பேக் எனப்படும் காற்றுப்பையை விரியச் செய்வது, மெல்லிய கம்பியொன்றைச் சூடாக்கி மருந்தைப் பற்றவைக்கும் ஒரு திரி. ஏறத்தாழ ஓர் ஆம்பியர் மின்சாரம் ஓரிரு மில்லி விநாடி பாய்ந்தால் போதும். மருந்து எரிந்து வாயுவாகிப் பை கண்ணிமைப்பதற்குள் புடைத்தெழும். ஜப்பானிய நிறுவனமாகிய டக்காட்டா, அம்மருந்தாக அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியதில், வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாளடைவில் அது கெட்டு, உலோகக் கூடே சிதறிப் பல நாடுகளில் உயிர்களைப் போக்கியது. கோடிக்கணக்கான காற்றுப்பைகள் திரும்பப் பெறப்பட்டன. 2017-இல் அந்நிறுவனம் திவாலாயிற்று. மருந்து பழசாயின் என்னாம் என்பதை நம் ஊர்த் தொழிலாளர் நன்கறிவர். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர்க்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. பின்னர் அருகிருப்பார்க்கும் ஆயிற்று. எனவே இன்றைய புதுக்கார்களின் முகப்பைத் திறப்பவர் இம்மருந்தின் அருகே கை நீட்டுகின்றார்.

அதன் கப்ளரும் உறையும் வழக்கமாக மஞ்சள் நிறத்தன. ஸ்டீரியோவின் பேட்டரிக் கம்பியும் மஞ்சள்! ஒன்று மெல்லிய தனிக்கம்பி; மற்றொன்று மஞ்சள் உறையிட்ட கட்டு. இவ்வேற்றுமை கண்ணில் பதிந்தாலன்றித் திருப்புளியைத் தொடலாகாது. முதற்கண் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, வண்டியின் கையேட்டிற் கூறிய நேரமளவும் காத்திருக்க வேண்டும்; ஏனெனில், பேட்டரி நீங்கியபின்னும் காற்றுப்பையை ஆளும் பெட்டிக்குள் சிறிது நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும். அம்மஞ்சள் கப்ளரில் மல்டிமீட்டரின் முனையை வைத்துத் தடையை அளக்க முயலுதல் கூடவே கூடாது. அளவுக் கருவியின் சிறு மின்சாரமும் திரியைப் பற்றவைத்தல் கூடும். பட்டாசு ஆலையில், வாயிலில் பதித்த உலோகத் தகட்டைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு உள்ளே புகும் வழக்கம் உண்டன்றோ? காரின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலை தொடங்குதல் இங்கும் தகும்.

வழிகாட்டும் பகுதியைப் பற்றிச் சில சொல்வோம். 1981-இல் ஹோண்டா நிறுவனத்தார் விற்ற முதற்கருவிக்கு விண்கோள் உதவி இல்லை. வண்டி திரும்புவதை ஒரு வாயுச் சுழற்சிமானி உணர்த்த, ஒளிபுகும் தாளில் அச்சிட்ட படத்தின்மேல் ஒரு புள்ளி நகர்ந்தது. இன்றைய முறையோ வேறு. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தே சுற்றும் ஜி.பி.எஸ். விண்கோள்கள், தத்தம் கடிகார நேரத்தை ஓயாது ஒலிபரப்புகின்றன. அந்நேரம் நம்மை வந்தடையும் தாமதத்தினின்று தூரம் கணிக்கப்படும். இடத்தைக் குறிக்க மூன்று தூரங்கள் போதும். ஆயின் நம் செட்டின் கடிகாரம் மலிவானது ஆதலின், அதன் பிழையையும் கண்டறிய நான்காவது விண்கோள் வேண்டும். ஒரு மைக்ரோ விநாடி பிழைத்தால் முந்நூறு மீட்டர் பிழைக்கும். வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் 2000 மே மாதத்தில் நீக்கிய பின்னரே, தெருவுக்குத் தெரு வழி சொல்லும் துல்லியம் பொதுமக்களுக்கு எட்டியது. நம் நாட்டினர் 2013 ஜூலையில் முதல் விண்கோளை ஏவித் தொடங்கிய முறை 2016-இல் நாவிக் எனப் பெயர் பெற்றது.

இவ்வளவு நுண்மையான கணக்கும், ஆன்டெனாவை ஸ்டீரியோவின் பின்னே தகரத்துக்குள் சுருட்டி வைத்துவிட்டால் பயன்படாது. தீப்பெட்டி அளவுள்ள அக்கறுப்புப் பெட்டிக்கு வானம் தெரிதல் வேண்டும். முன்கண்ணாடியின் அடியில் ஓட்டிவைத்தல் போதும். வழிப்படத்தை முன்னரே செட்டில் இறக்கி வைத்துக்கொள்ளுதலும் நன்று. சாத்தூர் வழியே செல்லும் நான்குவழிச் சாலையைப் படம் பிழையின்றி அறியும். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசற்காட்டில், சீமைக்கருவேலுக்கு நடுவே ஓடும் மண்பாதைகளைப் பற்றி அது சொல்வதை மாட்டுவண்டிக்காரர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்க.

புதுவண்டிகளில் ஒரு சிக்கலும் உண்டு. 1986-இல் பாஷ் நிறுவனத்தார் வெளியிட்ட 'கேன்' என்னும் முறைப்படி, வண்டியின் பல உறுப்புகளும் இரண்டே கம்பிகளின் வழியாகத் தம்முட் பேசிக்கொள்கின்றன. ஸ்டீரிங்கில் உள்ள ஒலிப் பொத்தானும் பல வண்டிகளில் அவ்வழியே பேசும். 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலஸெக் என்னும் இருவர், ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றின் பாட்டுப்பெட்டி வழியாகத் தொலைவிலிருந்தே புகுந்து இஞ்சினை அடக்கிக் காட்டினர். பதினான்கு லட்சம் வண்டிகள் திருத்தத்திற்காக அழைக்கப்பட்டன. எனவே பெயரறியாத செட்டை அவ்விரு கம்பிகளில் நேரே முறுக்குதல் தகாது; அவ்வண்டிக்கென்றே விற்கும் இடைப்பெட்டியைக் கொண்டு இணைத்தலே தக்கது.

வேலை முடிந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் புதுச்சாதனத்தைத் தெரிவித்துவிடுக. தனியே குறிப்பிட்டாலன்றி அதற்கு ஈடு கிடைப்பது அரிது. வண்டி ஓடுங்கால் ஓட்டுநர் கண்முன் சினிமா ஓடாதபடி செட்டுகளில் ஒரு தடை உண்டு. அதற்குரிய கம்பி கை-பிரேக்கில் இணைக்கப்படவேண்டியது. அதனை எர்த்தில் முறுக்கித் தடையை நீக்கித் தருவதாகச் சில கடைகளில் தாமே முன்வந்து சொல்வர். வேண்டா என்று சொல்லி, கை-பிரேக்கிலேயே இணைக்கச் செய்க. பின்னர்ப் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பி, காற்றுப்பையின் சிவப்பு விளக்கு ஓரிரு கணம் எரிந்து அணைகின்றதா என்று பார்க்க. அணையாது நின்றால், பாட்டைப் போடாமல் நேரே ஒர்க்ஷாப்புக்குச் செல்க.