கைதை மறைக்கச் சொன்னால் அது மோசடி

2024இல் லூதியானாவைச் சேர்ந்த எஸ்.பி. ஓஸ்வாலுக்கு வீடியோ அழைப்பிலேயே ஓர் ‘உச்ச நீதிமன்ற விசாரணை’ நடந்தது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் என்ற பெயரில் ஒரு குரல் பேசியது. முத்திரை குத்திய உத்தரவு வாட்ஸ்அப்பில் வந்தது. வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவரான ஓஸ்வால் ஏழு கோடி ரூபாயை அனுப்பிவைத்தார். விசாரணை, நீதிபதி, உத்தரவு எல்லாமே போலி.

‘டிஜிட்டல் கைது’ என்று பெயர் பெற்றுவிட்ட இந்த மோசடி பெரும்பாலும் ஒரு சாதாரண போன் அழைப்பில்தான் தொடங்குகிறது. கூரியர் நிறுவனத்திலிருந்து பேசுவதாகவும், உங்கள் ஆதார் எண்ணில் மும்பையிலிருந்து வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப்பொருள் சிக்கியதாகவும் சொல்வார்கள். இல்லையென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிலிருந்து பேசுவதாகச் சொல்லி, உங்கள் சிம் கார்டு முடக்கப்படப் போகிறது என்பார்கள். அடுத்த நொடியே இணைப்பு ‘மும்பை கிரைம் பிராஞ்ச்’சுக்கு மாறும். வீடியோவில் சீருடை தெரியும். பின்னால் சுவரில் அசோகச் சின்னம். உங்கள் முகவரியையும் ஆதார் எண்ணையும் அவர்களே சொல்வார்கள். கசிந்த தகவல்கள் காசுக்குக் கிடைக்கிற காலத்தில் அது பெரிய வித்தையல்ல.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது நம் வழக்கம். இங்கே அது பொருந்தாது. இரட்டிப்புப் பணத்துக்கு ஆசைப்பட்டு இதில் யாரும் மாட்டுவதில்லை. ஆயுளில் ஒருமுறைகூடக் காவல் நிலையப் படி ஏறாத ஓய்வுபெற்ற ஆசிரியரும் வங்கி அதிகாரியும் மானத்துக்குப் பயந்துதான் பணத்தைக் கட்டுகிறார்கள்.

அந்தப் பயம் நீடிக்க, மாட்டியவர் தனியாக இருக்க வேண்டும். அதனால்தான் கேமராவை அணைக்காதே, அறைக் கதவைச் சாத்து, மனைவியிடம்கூடச் சொல்லாதே, சொன்னால் அதுவே தனிக் குற்றம் என்று மிரட்டுகிறார்கள். சிலரை இப்படி நாள்கணக்கில் திரை முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள்.

சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆவது பிரிவில் இருக்கின்றன. கைது செய்யும் போலீஸ்காரரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தில் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்லக் கேட்பது கைதானவரின் உரிமை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆக, யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொல்லும்போதே அவன் போலீஸ் இல்லை என்பது தெரிந்துவிடும்.

இந்த நெறிகள் நம் காவல் நிலையங்களில் எத்தனை முறை காற்றில் பறக்கின்றன என்பது ஊரறிந்த கதை. போலீஸ் நினைத்தால் எதுவும் செய்யும் என்ற அந்த எண்ணம்தான் மோசடிக்காரனின் மூலதனம்.

பணம் கேட்கும் விதமும் தந்திரமானது. லஞ்சம் என்று சொல்ல மாட்டார்கள். ‘ரிசர்வ் வங்கி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரும்’ என்பார்கள். தனிநபர் பணத்தை வாங்கிச் சரிபார்க்கும் வேலை ரிசர்வ் வங்கிக்குக் கிடையாது. “எதுக்கு சார் எஃப்டியை உடைக்கிறீங்க?” என்று வங்கியில் கேட்டால் வீடு வாங்க, வைத்தியச் செலவுக்கு என்று சொல்லும்படி முன்கூட்டியே பாடம் நடத்திவிடுவார்கள். அந்தக் கேள்வியை விடாமல் இன்னொரு முறை கேட்ட வங்கி ஊழியர்களால் தப்பித்தவர்கள் உண்டு.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். cybercrime.gov.in என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும் அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்ற விவரங்கள் கையில் இருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை வங்கி முடக்கிவைக்க முடியும். தாமதித்தால் பணம் பத்துக் கணக்குகளில் சிதறி கிரிப்டோவாக மாறி எல்லை தாண்டிவிடும். ஓஸ்வால் புகார் கொடுத்ததால் ஐந்து கோடிக்கு மேல் மீட்க முடிந்தது.

இப்படிப் பணம் சிதறும் கணக்குகளில் பல, கமிஷனுக்காக வாடகைக்கு விடப்பட்டவை. கல்லூரி மாணவர்களும் இதில் சிக்குகிறார்கள். என்னவென்று தெரியாமல் கொடுத்தேன் என்றாலும் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு வைத்திருப்பவரைத்தான்.

பெற்றோர் வெளியூரில் தனியாக இருந்தால், அவர்களுடைய போனில் 1930ஐச் சேமித்துக் கொடுங்கள். யார் மிரட்டினாலும் எந்த நேரத்திலும் எங்களைக் கூப்பிடுங்கள், பணமே போயிருந்தாலும் திட்ட மாட்டோம் என்றும் சொல்லி வையுங்கள். பிள்ளைகள் திட்டுவார்களே என்ற பயத்தில்தான் பலர் புகார் கொடுக்கவே தாமதிக்கிறார்கள்.