பிள்ளை எத்தனை கிலோ?

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மெடிக்கலில் சாயங்காலம் சற்று நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும்.

“அண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து ஒண்ணு குடுங்க.”

“எத்தனை வயசும்மா?”

“ரெண்டு முடிஞ்சிருச்சு.”

பாட்டில் கைக்கு வந்துவிடும். “அஞ்சு மில்லி, மூணு வேளை” என்று கூடச் சொன்னால் அது அக்கறையுள்ள கடை. எத்தனை கிலோ என்று கேட்பவர் அபூர்வம். நூலின் கவுண்டைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்க்கிற மில்கள் நிறைந்த ஊரில் இப்படி!

இரண்டு வயதுப் பிள்ளைகளில் 9 கிலோவும் உண்டு, 14 கிலோவும் உண்டு. பாராசிட்டமாலுக்கு வயது தெரியாது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பதே குழந்தை மருத்துவர்கள் போடும் கணக்கு. முதல் பிள்ளைக்கு 135 மில்லிகிராம், அடுத்ததற்கு 210. இருவருக்கும் அதே அஞ்சு மில்லி எப்படிப் பொருந்தும்?

சிக்கல் இதோடு நிற்பதில்லை. ஒரே மருந்து கடை அலமாரியில் பல அடர்த்தியில் இருக்கிறது. 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப், 250 உள்ள சிரப், கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து. சொட்டு மருந்துதான் இருப்பதிலேயே கெட்டி: ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்குத் தேவை 150 மில்லிகிராம். 125 சிரப்பில் அது 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. போன மாதம் 6 மில்லி கொடுத்த பழக்கத்தில் புது பாட்டிலிலும் 6 மில்லி ஊற்றினால், அது 250 சிரப்பாக இருக்கும்பட்சத்தில் மருந்து இரட்டிப்பு. சொட்டு மருந்தாக இருந்தால் நான்கு மடங்கு. டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பது பிராண்டின் பெயர். உயிரைக் காக்கும் எண்ணோ பொடி எழுத்தில். அமெரிக்காவில் இந்தக் குழப்பத்தால் 2011-இல் கெட்டியான கைக்குழந்தை மருந்தை நிறுத்தி, 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே அளவுக்கு உற்பத்தியாளர்கள் மாறினார்கள். இங்கும் அதைச் செய்யலாம். செய்யத் தடை என்ன என்று எனக்குப் புரியவில்லை.

பயந்துபோய்க் குறைத்துக் கொடுப்பதும் நடக்கிறது. அரை ஸ்பூன் கொடுத்துவிட்டு, “இந்த மருந்து கேக்க மாட்டேங்குது, வேற குடுங்க” என்று மறுநாள் கடைக்கு வருவார்கள். அடுத்துப் போவது ஐபுபுரூஃபன் சேர்ந்த கூட்டு மருந்து. மழைக்காலத்தில் இது ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும். அப்போது பாராசிட்டமால் மட்டுமே. 14 கிலோ பிள்ளைக்கு அரை ஸ்பூன் கொடுத்துவிட்டு மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஸ்பூனையும் நம்ப முடியாது. கிரீஸில் வீடுகளில் இருந்த டீஸ்பூன்களை அளந்து பார்த்தபோது, சில இரண்டரை மில்லி, சில ஏழு மில்லிக்கு மேல். பாட்டிலோடு வரும் அளவு மூடியோ, ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சோ போதும்.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி. 24 மணி நேரத்தில் நாலு வேளைக்கு மேல் கூடாது. மில் குடும்பங்களில் இது தவறுவதற்கு வழி உண்டு. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் அம்மா ஒரு வேளை கொடுத்திருப்பார். விடிந்ததும் உடம்பு சுடுகிறதென்று அம்மாச்சி இன்னொரு வேளை கொடுப்பார். கொடுத்த நேரத்தைச் சிவகாசிக் காலண்டரின் அன்றைய தாளிலேயே கிறுக்கி வைக்கலாம்.

சளி சிரப்புகள் தனிக் கதை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவுக்குக் காரணமான கோல்ட்ரிஃப், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அங்கே கொன்றது டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு, அளவுப் பிழையல்ல. ஆனால் அந்த சிரப்பின் மருந்துகளில் பாராசிட்டமாலும் ஒன்று. அதுபோன்ற சளி மருந்தோடு காய்ச்சல் சிரப்பும் கொடுத்தால் ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போகிறது. அதில் இருந்த மற்ற இரண்டு மருந்துகளின் கூட்டை நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாதென்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருந்தது.

எடைக்கு எங்கே போவது? ஸ்ரீவில்லிபுத்தூரோ ராஜபாளையமோ, தெருவுக்குப் பக்கத்து அங்கன்வாடியில் மாதாமாதம் பிள்ளையை நிறுக்கிறார்கள். தாய் சேய் நல அட்டையிலும் தடுப்பூசி நாளில் எடை எழுதப்படுகிறது. அதைப் படம் பிடித்து செல்போனில் வைத்துக்கொண்டால், கடைக்காரர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லலாம்: “பிள்ளை 11 கிலோண்ணே, இதுல எத்தனை மில்லி?”

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலென்றால் கடையே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. பெரியவர்களின் 650 மாத்திரையை உடைத்துக் கொடுப்பதையும் விட்டுவிடலாம். 10 கிலோ பிள்ளைக்கு அதில் பாதியே இரண்டு வேளை மருந்து.

தவறிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் பிள்ளை நன்றாகத்தான் விளையாடுகிறதே என்று காத்திருக்கக் கூடாது. கல்லீரல் கெடுவது முதல் நாளில் வெளியே தெரியாது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள், அல்லது அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கிளம்பும்போது பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அது எந்த சிரப், எத்தனை மணிக்குக் கொடுத்தது, பிள்ளை எத்தனை கிலோ என்பதைத்தான்.